பிள்ளை வேண்டாம் என்ற அழகம்மை ஆச்சி

திருமயம் வழியாகப் புதுக்கோட்டைக்கு வருகிற காலை பஸ்ஸின் கண்டக்டர், எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்தார். நான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். "பெரிய ஆச்சி தவறிட்டாகளாம். விடியக்காலையில. ஒங்க வீட்டுல சொல்லிரச் சொன்னாக" என்று சொல்லிவிட்டு, பஸ் நிற்கிறது என்று ஓடிவிட்டார்.

முதலில் எனக்கு அழுகை வரவில்லை. இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். இனிமேல் அந்த விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. அதோடு கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. எண்ணெய்க் கையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மனுஷி செத்ததற்கு நிம்மதிப்பட்டேனே என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

ஆச்சியைப் பற்றி நான் எழுதுகிறேன் என்று சொன்னதும் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர், "நீங்களா?" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். எனக்கும் ஆச்சிக்கும் ஆகாது என்பது நம் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஒரு கல்யாணப் பந்தியில் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைக்காமல் இருப்பதற்கென்றே ஆள் போட்டு வைத்திருந்தார்கள். நம் சொந்தங்களே, அந்த ஆகாமை எப்படி வந்தது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அழகம்மை ஆச்சி என் ஓர்ப்படியாள்; என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது ஆச்சி தாயம் விளையாடிக்கொண்டிருந்தார். புதுப்பெண் வந்திருக்கிறாளே என்று எழுந்திருக்கவில்லை. "வா வள்ளி, உக்காரு. இவளுக எல்லாரும் என்னை ஏமாத்துறாளுக, நீ என் பக்கம்" என்றார். உட்கார்ந்த சற்று நேரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, ஏமாற்றுவது ஆச்சிதான் என்று. முழங்காலுக்கு அடியில் சோழியைத் திருப்பி வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கையும் களவுமாகப் பிடித்தபோது கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை. "தோக்குறதுக்கு எதுக்கு வெளையாடணும்? அதுக்குச் சும்மா இருந்துட்டுப் போகலாமே" என்றார். இப்படி ஒருவரோடு ஒரே வீட்டில் இருக்க முடியுமா என்று நான் பயந்தேன். பத்து நாளில் அவர் இல்லாமல் எனக்குப் பொழுது போகவில்லை.

ஆச்சியின் வீட்டுக்காரர், அதாவது மூத்தவர், பினாங்குக்குக் கொண்டுவிற்கப் போயிருந்தார்; கடல் கடந்து வியாபாரத்துக்குப் போவதற்கு நம் பக்கத்தில் அப்படித்தான் பெயர். கல்யாணமான நாளிலிருந்து மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்து ஒரு மழைக்காலம் இருந்துவிட்டுக் கப்பலேறுவார். பிறகு சண்டை வந்தது. ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்றார்கள். அப்புறம் கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. ஊரில் சிலர் ஆச்சியின் கழுத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். ஒரு நாள் துக்கம் கேட்பதுபோல் வந்த ஒரு அம்மாளிடம், "அவுக செத்தா எனக்கு மொதல்ல தெரியும். தந்தி அப்புறமா வரட்டும்" என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார். சண்டை முடிந்து மூத்தவர் திரும்பி வந்தார். நெஞ்சு நோயோடு வந்தார். இனிக் கப்பலேற முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆச்சிக்கு அப்போது குழந்தை பெறுகிற வயது ஏறக்குறையத் தாண்டியிருந்தது.

நம் பக்கத்தில் ஒரு வீடு அற்றுப்போக விடமாட்டோம். பிள்ளை இல்லாத அண்ணனுக்குத் தம்பி பிள்ளையைக் கொடுப்பது முறை. பிள்ளை கூட்டுவது என்று அதற்குப் பெயர். எனக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவனைக் கொடுக்கக் கூடாது. ஆகவே இளையவன் வயிரவன் என்று என் மாமனார் முடிவு செய்தார். என் வீட்டுக்காரர் தகப்பனாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார். "ஒனக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். முதலில் பயந்துதான் ஆட்டினேன். ஆனால் பெரிய வீடும் தோட்டமும் என் வயிற்றுப் பிள்ளைக்கு வருமே என்ற ஆசையும் அதில் இருந்தது. பிறகு பார்த்தவர்களிடமெல்லாம், "எங்கே போகிறான், ஒரே வீட்டுக்குள்ளேதானே" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய் நாமெல்லாம் இந்தியாவோடு சேர்ந்ததற்கு அடுத்த தை மாதம் அது. தை அமாவாசைக்குக் கட்டுமாவடியில் கடலாடிவிட்டு, கடற்கரை ஓரமாகவே தெற்கே போய்த் திருப்புனவாசலில் சுவாமி கும்பிட்டு, அங்கே சன்னதியில் பிள்ளை கூட்டுவதற்கு நாள் குறிப்பது என்று மாமனார் ஏற்பாடு செய்தார். மூத்தவரிடம் கார் இருந்தது. ஆனால் கடற்கரை மணலில் கார் போகாது. என் மூத்த பையனை ஊரிலேயே விட்டுவிட்டு, மூன்று கூண்டு வண்டிகளும் சாமான் ஏற்றிய பார வண்டி ஒன்றுமாகக் கிளம்பினோம். உள்பாதையாகப் போகலாமே, எதற்கு இந்த மணலும் காற்றும் என்று மாமனார்கூடத் தயங்கினார். பிடிவாதம் பிடித்தவர் ஆச்சிதான். "எத்தனை வருசம் அவுகளை என்கிட்ட இருந்து கொண்டுபோன தண்ணி. அதை நான் ஒரு தடவை கிட்டத்துல பாக்கணும்" என்றார்.

கட்டுமாவடியில் பார்த்தார். அன்றைக்கு வாடைக் காற்று கண்ணைத் திறக்க விடவில்லை. படகுகளையெல்லாம் மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். மீனவர்கள் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. கரையெல்லாம் கடல்பாசியும் நுரையும் ஒதுங்கிக் கிடந்தன. ஆச்சி சேலையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போய் நின்றார். நான் பக்தியோடு மூழ்கி எழுந்துகொண்டிருந்தேன். ஆச்சி கடலைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று காற்றில் எனக்குக் கேட்கவில்லை. கரையேறிய பிறகு, "இவ்வளவுதானா? நான் பெருசா நெனைச்சுட்டேன்" என்றார். ஆனால் அதற்குப் பிறகு வண்டியின் திரையைக் கடல் பக்கம் மட்டும் மூட விடவேயில்லை.

கிளம்பிய நாளிலிருந்தே வயிரவன் அவர் வண்டியில்தான் இருந்தான். அது மாமனார் உத்தரவு. நம் வீடுகளில் அண்ணன் தம்பிகள் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தாலும் கல்யாணமானவுடன் உலை தனி என்பது உங்களுக்குத் தெரியும். பிரயாணத்திலும் அந்த முறையை விடவில்லை. தங்கின இடத்திலெல்லாம் இரண்டு அடுப்பு: மாமனாருக்கும் மூத்தவருக்கும் ஆச்சி அடுப்பு, எங்களுக்கு என் அடுப்பு. வயிரவனுக்கு இனிமேல் ஆச்சி உலையிலிருந்துதான் சோறு என்று மாமனார் சொல்லிவிட்டார். "எந்த ஒலைச் சோறோ அந்த வீட்டுப் பிள்ளை" என்றார். ஆச்சியை ஆத்தா என்றும் என்னைச் சின்னாத்தா என்றும் கூப்பிடப் பழக்கினார்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டு. வண்டியின் பின்பக்கம் தலையை நீட்டி, "சின்னாத்தா, சின்னாத்தா" என்று கத்திவிட்டுச் சிரிப்பான். பின்னால் வந்த வண்டியிலிருந்து நானும் சிரித்தேன். என் உலையில் மட்டும் இரண்டு நாளாக அரிசி கூடுதலாகவே விழுந்தது. கை பழகிய அளவு அது. மிஞ்சிய சோற்றை வண்டிக்காரர்கள் சாப்பிட்டார்கள்.

மணமேல்குடி தாண்டிக் கோட்டைப்பட்டினத்துக்குப் போகிற வழியில், ஒரு பனங்கூட்டத்தில் மத்தியானச் சமையலுக்கு நிறுத்தினோம். பனை ஓலைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரோடு பேசுவதற்கே கத்தவேண்டியிருந்தது. மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டக் கொண்டுபோனார்கள். மாடுகள்கூடக் கடல் பக்கம் முகத்தைத் திருப்ப மாட்டேன் என்றன. ஆச்சி என்னிடம் வந்து, "இந்தக் காத்துல ரெண்டு அடுப்பு எதுக்கு? ஒண்ணாப் போட்டுருவோம். அம்மான்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். மாமனாரை நாங்கள் அம்மான் என்போம். நான் முடியாது என்றேன். "எங்க அடுப்பு எங்களுக்கு இருக்கட்டும் ஆச்சி" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னேன்.

காரணம் இருந்தது. வயிரவனுக்குக் கருப்பட்டிப் பணியாரம் என்றால் உயிர். ஊரிலிருந்து மாவுக் குடத்தை யாருக்கும் தெரியாமல் என் வண்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். மாவு புளிக்க ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு விட்டால் வீணாகிவிடும். என் உலையிலிருந்து அவனுக்கு ஒரு கவளமும் கொடுக்கக் கூடாது என்றுதான் உத்தரவு. பணியாரம் சோறு இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மற்றவர்கள் கண்ணில் படாமல் இருக்க, என் வண்டியை ஒட்டிக் கல் கூட்டி, பணியாரக்கல்லைப் போட்டேன்.

இரண்டாவது ஈடு ஊற்றிக்கொண்டிருந்தேன். காற்று ஒரு சுழற்றுச் சுழற்றி அடித்தது. வண்டிக்கு அடியில் மாட்டுக்காகத் தொங்கவிட்டிருந்த வைக்கோலில் பொறி போய் விழுந்தது. நான் பார்த்து வாயைத் திறப்பதற்குள் கூண்டு பற்றிக்கொண்டது. மூங்கிலும் பாயும், காற்று வேறு. என் வீட்டுக்காரர் மணலை அள்ளி அள்ளி வீசினார். ஆச்சி ஓடிவந்து, எரிகிற கூண்டுக்குள் கையை விட்டு என் துணிப்பெட்டியை இழுத்து வெளியே போட்டார். நான் அதில் எதையும் செய்யவில்லை. வயிரவன் வண்டிக்காரரோடு கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருக்கிறான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவன் பெயரைச் சொல்லி அலறிக்கொண்டு கரையை நோக்கி ஓடினேன். அவனும் புகையைப் பார்த்துப் பயந்து எதிரே ஓடிவந்தான். சின்னாத்தா எல்லாம் மறந்துபோயிற்று. "ஆத்தா" என்று என் காலைக் கட்டிக்கொண்டான். அவனைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். ஆச்சி வெந்துபோன கையை மறு கையால் தாங்கிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, மணலில் கவிழ்ந்து கிடந்த பணியாரக்கல்லைப் பார்த்தார்.

மாமனார் என்னைத் திட்டினார். திட்டியது சரிதான். அதற்குள் கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு மரைக்காயர், பினாங்கில் மூத்தவருக்குப் பழக்கமானவர், புகையைப் பார்த்து ஆட்களோடு வந்துவிட்டார். வண்டி எரிந்து குச்சியாக நிற்பதையும் இரண்டு இடத்தில் அடுப்பு இருப்பதையும் மாறி மாறிப் பார்த்தார். "தை வாடையில நாங்களே வீட்டுக்குள்ளதான் ஒலை வைப்போம். ஒரு குடும்பத்துக்கு வெட்டவெளியில ரெண்டு அடுப்பா வச்சீங்க?" என்று கேட்டார். ஆச்சி மட்டும் வலியோடு சிரித்தார். மரைக்காயர் தம் வீட்டுத் தோட்டத்தில் எங்களைத் தங்கவைத்து, இளநீரும் பழமும் தயிரும் கொடுத்தனுப்பி, ஆச்சியின் கைக்கு மருந்தும் போடச் செய்தார்.

என் வண்டி போய்விட்டதால் மறுநாள் நான் ஆச்சி வண்டியில் ஏறவேண்டியதாயிற்று. ஆண்கள் மாமனார் வண்டிக்குப் போய்விட்டார்கள். கூண்டுக்குள் நாங்கள் இருவரும் நடுவில் வயிரவனும். மீமிசல் வரைக்கும் கடலை ஒட்டிய மணல் பாதை. மணல் வந்து கூண்டில் மோதுகிற சத்தம் ஓயவேயில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த வண்டிக்காரருக்கு நாங்கள் பேசுவது கேட்க வழியில்லை. வயிரவன் ஆச்சி மடியில் தலையும் என் மேல் காலுமாகத் தூங்கிவிட்டான்.

"வள்ளி, நெசத்தைச் சொல்லு. கொடுக்க ஒனக்குச் சம்மதமா?" என்று ஆச்சி கேட்டார்.

"அம்மான் சொல்லிட்டாக. இவுகளும் வாக்குக் கொடுத்துட்டாக."

"அவுக சொன்னதை நான் கேக்கலை. நீ சொல்லு."

"சம்மதந்தான் ஆச்சி."

"அப்ப அவன் மொகத்தைப் பாத்துச் சொல்லு."

பார்த்தேன். புருவத்தில் மணல் ஒட்டியிருந்தது. வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். சம்மதம் என்பது சின்னச் சொல்தான். அதற்கு முன்னால் எத்தனையோ பேரிடம் சிரித்துக்கொண்டு சொன்ன சொல்தான். வரவில்லை.

ஆச்சி கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: "நான் இவனை ரொம்ப ஆசைப்பட்டுட்டேன். மடியில கெடக்குறப்ப காலு மரத்துப்போகுது, நகத்த மனசு வரலை. ஆனா ஒன் வயித்தெரிச்சல்ல நான் பிள்ளை வளக்கமாட்டேன் வள்ளி. ஒரே வீட்டுக்குள்ள நீ பாத்துக்கிட்டே இருக்க, நான் ஊட்ட முடியாது."

கொடுக்கிறவர்கள் வாக்கு மாறினால் குடும்பத்துக்கே பழி. தகப்பனாருக்குக் கொடுத்த வாக்கை மீறுவதைவிட என் வீட்டுக்காரர் என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார். எடுக்கிறவர்கள் வேண்டாம் என்றால் அது வெறும் மனஸ்தாபம். அதையெல்லாம் ஆச்சி அந்த வண்டியிலேயே யோசித்து முடித்துவிட்டார். "நான் வேண்டாம்னு சொல்றேன். நீ கோவிச்சுக்க. நல்லாக் கோவிச்சுக்க, அப்பத்தான் நம்புவாக" என்றார். நான் அவர் காலைத் தொட்டேன். காலை இழுத்துக்கொண்டு, "அசையாதே, பிள்ளை முழிச்சுக்குவான்" என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்: "இவன்கிட்டச் சொல்லாதே. பெத்தவ கொடுக்கச் சம்மதிச்சான்னு தெரிஞ்சா அது பிள்ளைக்கு ஆறாது. பெரியாத்தா மேல கோவமா இருந்துட்டுப் போறான். எனக்கு என்ன கொறைஞ்சுபோச்சு?"

திருப்புனவாசல் சன்னதியில் மாமனார் குருக்களிடம் நாள் கேட்கும்போது ஆச்சி சொன்னார். நான் எதிர்பார்த்ததைவிட மோசமாகச் சொன்னார். "இந்தப் பிள்ளை எனக்குத் தோதுப்படாது அம்மான். அழுமூஞ்சி. ஒரு காத்துக்குத் தாங்கலை. முந்தானையை விடமாட்டேங்குது. இதைக் கூட்டிக்கிட்டுப் போயி நான் என்ன செய்ய?" மாமனார் முகம் வெளுத்துவிட்டது. மூத்தவர் ஒன்றும் புரியாமல் ஆச்சியைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார். நான், "என் பிள்ளை ஒண்ணும் ஒங்க வாசல்ல வந்து நிக்கலை" என்று கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். ஆச்சி கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். சரியாகச் செய்தாய் என்று அர்த்தம்.

அந்தக் கோபம் நடிப்பாகவே இருந்திருந்தால் நான் இதை எழுத வந்திருக்க மாட்டேன். வண்டிகள் ஊர் திரும்புவதற்கு முன்பே அதில் பாதி நிஜமாகிவிட்டது. என் பிள்ளையை அழுமூஞ்சி என்று எப்படிச் சொல்லலாம் என்று எனக்கு உண்மையாகவே எரிந்தது. அந்த வருஷமே ஆச்சி பங்காளி வீட்டிலிருந்து அண்ணாமலையைப் பிள்ளை கூட்டினார். விசேஷத்துக்குத் தலைவலி என்று நான் போகவில்லை. தீபாவளிக்கு அவர் அனுப்பிய பலகாரத் தட்டைத் திருப்பி அனுப்பினேன். அப்போது என் வீட்டுக்காரர் ஊரில்கூட இல்லை. யாருக்காகவும் நடிக்கவேண்டிய அவசியம் இல்லை. பெரிய உபகாரம் செய்தவர் முகத்தைத் தினமும் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். கோபமாக இருந்துவிட்டால் பார்க்கவேண்டியதில்லை. மாமனார் காலத்துக்குப் பிறகு நாங்கள் புதுக்கோட்டைக்குக் குடிவந்தபோது எனக்கு மூச்சு விட முடிந்தது.

வயிரவன் வளர்ந்தான். பெரியாத்தா வேண்டாம் என்று தள்ளிய பிள்ளை என்று யாரோ அவன் காதில் போட, அதைக் கேட்டுத்தான் வளர்ந்தான். ஊருக்குப் போனால் பெரிய வீட்டு வாசலைத் தாண்டும்போது வேகமாக நடப்பான். நான் பார்த்துக்கொண்டே பின்னால் நடப்பேன்.

திருவரங்குளம் கோயிலில் ஒரு கல்யாணம். வயிரவன் அப்போது காலேஜ் முடித்திருந்தான். பிராகாரத்தில் ஆச்சியும் நானும் தற்செயலாகத் தனியாக எதிர்ப்பட்டோம். தலை முழுக்க நரைத்திருந்தது. மூத்தவர் தவறிய பிறகு இளைத்தும் போயிருந்தார். கையில் அந்தத் தீத்தழும்பு அப்படியே இருந்தது. "நடை அப்படியே அவுக அப்பச்சி நடை. நல்லாக் கோவமாப் பாக்குறான் என்னைய" என்று சொல்லிச் சிரித்தார். "சொல்லிரவா ஆச்சி?" என்று கேட்டேன். "இப்ப எதுக்கு? அண்ணாமலை இருக்கான். அவன் காதுல விழுந்தா, ரெண்டாவதாப் பொறுக்குன பிள்ளை நாமன்னு நெனைப்பான்" என்றார். சரி என்று நான் நகர்ந்துவிட்டேன். எவ்வளவு சீக்கிரம் சரி என்றேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

கண்டக்டர் சொன்ன அன்றைக்கு நாங்கள் எல்லோரும் போனோம். அண்ணாமலை பினாங்கில் இருந்தான். தந்தி கொடுத்திருந்தார்கள், ஆனால் அவன் வரும்வரை வைத்திருக்க முடியாது. பெரியவர்கள் கூடிப் பேசி வயிரவனைக் கூப்பிட்டார்கள். கொள்ளிச் சட்டியைத் தூக்கச் சொன்னார்கள். அவன் சட்டையைக் கழற்றாமல் தெரு ஓரத்திலேயே நின்றான். "அதுக்கு அவுகளுக்கு வேண்டிய பிள்ளைங்க இருப்பாங்க. வேண்டாம்னவன் கையால எதுக்கு?" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். தூரத்துப் பங்காளி ஒருவர் தூக்கிக்கொண்டு போனார். நான் பெண்களோடு உள்ளே நின்றேன். நாலடி நடந்து போய் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆச்சி பேச்சைக் காப்பாற்றுகிறேன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு நின்றேன்.

கருமாதிக்குத்தான் அண்ணாமலை வந்து சேர்ந்தான். நல்ல பிள்ளை, தூணில் முட்டிக்கொண்டு அழுதான். பந்தி முடிந்ததும் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவில்லை. "தெரியும் சின்னாத்தா. நான் கப்பலேறுறதுக்கு முன்னாடி ஆத்தா சொன்னாக" என்றான். உனக்கு வருத்தமில்லையா என்று கேட்டேன். "எதுக்கு? அவுக விட்டுக்கொடுத்ததாலதானே நான் வந்தேன்" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "திருவரங்குளத்துல நீங்க கேட்டதையும் சொன்னாக. 'வேண்டாம்னேன். இன்னொரு தடவை கேப்பான்னு பாத்தேன், வள்ளி கேக்கலை'ன்னு சொல்லிச் சிரிச்சாக" என்றான்.

அன்று சாயங்காலம், வழக்கப்படி, ஆச்சி புழங்கிய சாமான்களில் ஆளுக்கு ஒன்று நினைவுக்காக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒருத்தி வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். ஒருத்தி வெள்ளிச் செம்பை எடுத்துக்கொண்டாள். என் முறை வந்தபோது எனக்கு எதுவும் வேண்டாம் என்றேன். செத்த பிறகும் வன்மம் போகவில்லை பார் என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது.

அதன் பிறகு வயிரவனிடம் நேரில் சொல்ல முயன்றேன். அவன் சாப்பிட உட்காரும்போது ஆரம்பிப்பேன். குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டு முடிப்பேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லவும் தைரியம் இல்லை. இருவரும் இந்தப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து படிக்கிறவர்கள். அதனால்தான் இங்கே எழுதினேன்.

ஆச்சியிடமிருந்து எனக்கு எது மிச்சம் என்று கேட்பீர்கள். நான் எதையும் எடுக்காமல் வந்ததற்குக் காரணம், என் பங்கை அவர் மீமிசல் பாதையிலேயே கொடுத்துவிட்டார். வயிரவா, அது நீதான். அன்றைக்கு வண்டியில் உன் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாமல் போனது உண்மை. ஆனால் அதற்கு முன்னால், நீ இல்லாத இடங்களில், உன்னைக் கொடுக்கச் சம்மதம் என்று சொன்னவள் நான்தான். உன் பெரியாத்தா உன்னை வேண்டாம் என்று சொன்னது ஒரே ஒரு தடவை. அதையும் எனக்காகச் சொன்னார்.